பாடபேதம் சொல்லாத பதிப்புகள்

பழைய படைப்பொன்றின் தூசியைத் தட்டி, நிறத்தைக் கூட்டி, ஒலியைத் திருத்தி மீண்டும் வெளியிடுகிறார்கள். அப்படி வெளிவருவது மூலத்தைவிட மேலானதா? மேலானது என்றால் எந்த வகையில்? இல்லையென்றால் நாம் ஏன் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்க்கிறோம்? சில ஆண்டுகளாக நம்மை விடாமல் தொடர்ந்து வரும் கேள்வி இது. விடை தேடிப் போனதில் திரையரங்கில் தொடங்கி, கோயில் வாசலைச் சுற்றி, கடைசியில் நம் தொழிலாகிய தமிழ்ப் பாடத்திலேயே வந்து நின்றோம்.

கேள்வியைக் கிளப்பிவிட்டவன் அடையாறில் வசிக்கும் நம் தமக்கை மகன். கணினி விளையாட்டுகளில் ஊறியவன். அதிலும், ஆடுபவரே ஒரு பாத்திரமாக மாறிக் கற்பனை நாடொன்றில் நாட்கணக்கில் உலவும் வகை ஆட்டங்கள் என்றால் அவனுக்கு உயிர். நாம் காப்பியங்களைப் பேசும் ஆர்வத்தோடு அவன் அவற்றைப் பேசுவான். 1997இல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டஸி’ ஏழாம் பாகத்தை 2020இல் புதிதாகவே கட்டியெழுப்பினார்களாம், கதைப்போக்கிலும் கைவைத்துவிட்டார்களாம். 2000இல் வந்த ‘டயாப்ளோ’ இரண்டாம் பாகத்தை 2021இல் மெருகேற்றி வெளியிட்டபோதோ, ஆட்டத்தின் நடுவே ஒரு விசையை அழுத்தினால் போதும், திரை அப்படியே பழைய தோற்றத்துக்குத் திரும்பிவிடும்படி அமைத்தார்களாம். மறுபடி அழுத்தினால் புதுத் தோற்றம். “பழசு பக்கத்துலயே இருக்கு மாமா. அதனால புதுசைப் பார்த்து எனக்குக் கோவம் வரல” என்றான். போர் வியூக ஆட்டமான ‘வார்கிராஃப்ட்’ மூன்றாம் பாகத்தின் மறுபதிப்பு 2020இல் வந்தபோதுதான் அவனுக்குக் கோபம் வந்திருக்கிறது. பழையதைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தவர்களின் கணினியிலும் புதிய மென்பொருளே வந்து அமர்ந்துகொண்டதாம்.

விளையாட்டைப் பற்றி நமக்கு அதற்குமேல் தெரியாது. ஆனால் அந்த ஒற்றை விசை நம் மனத்தில் தங்கிவிட்டது. காரணம், நம் ஊரில் இதே கேள்வி வேறு வேடத்தில் சில ஆண்டுகளாக உலவிக்கொண்டிருக்கிறது. பழைய தமிழ்ப் படங்களின் மறுவெளியீடுதான் அது.

பி.ஆர்.பந்துலு இயக்கிய ‘கர்ணன்’ 1964ஆம் ஆண்டு பொங்கலுக்கு வந்த படம். நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2012 மார்ச் 16ஆம் நாள், எண்ணியல் முறையில் துலக்கப்பட்டுத் தமிழகமெங்கும் எழுபதுக்கும் மேற்பட்ட திரையரங்குகளில் மீண்டும் வெளியாயிற்று. தொலைக்காட்சியில் எத்தனையோ முறை ஓசைப்படாமல் ஓடித் தேய்ந்த படம். சென்னையில் நூறு நாட்களைத் தாண்டி ஓடியது. அதன் வெற்றியைப் பார்த்துத்தான் ‘திருவிளையாடல்’, ‘பாசமலர்’, ‘ஆயிரத்தில் ஒருவன்’ என்று வரிசையாக வரத் தொடங்கின. 2024இல் ‘கில்லி’யின் இருபதாம் ஆண்டு மறுவெளியீடு புதுப் படங்களுக்கே சவாலாக ஓடியதை நாம் அனைவரும் பார்த்தோம்.

‘கர்ணன்’ மறுவெளியீட்டின்போது தந்தையாரை ராயப்பேட்டை சத்யம் திரையரங்குக்கு அழைத்துச் சென்றோம். முதல் வெளியீட்டில் அவர் அந்தப் படத்தைப் பதினாறு வயதுப் பையனாகப் பார்த்தவர். மயிலாப்பூர்க்காரர். கபாலி, காமதேனு, தியாகராய நகர் ராஜகுமாரி, நாகேஷ் என்று அவர் படம் பார்த்த கொட்டகைகளின் பெயர்களை அடுக்கினால் ஒரு சிறு தலபுராணம் போலிருக்கும். அவற்றில் ஒன்றுகூட இன்று திரையரங்காக இல்லை. தேர்ச்சக்கரத்தின் அருகே கர்ணன் சாய்ந்து கிடக்க, சீர்காழி கோவிந்தராஜனின் குரல் எழுந்தபோது அரங்கில் அசைவில்லை. நம் வரிசையிலிருந்த கல்லூரிப் பெண்கள் மூவர் வெளிப்படையாகவே அழுதார்கள். தந்தையாருக்கு அப்போதே காது சற்று மந்தம். வீட்டுத் தொலைக்காட்சியில் பாதி வசனத்தை ஊகித்துத்தான் அறிவார். அன்றைக்கு ஒரு சொல்கூடத் தப்பவில்லை என்றார். “அப்பவே இவ்வளவு தெளிவா கேட்டதில்லப்பா” என்றும் சொன்னார்.

ஆகவே, மெருகேற்றல் என்பதே வணிகத் தந்திரம் என்று ஒதுக்கித் தள்ளுகிறவர்கள் கட்சியில் நாம் சேர முடியாது. அதன் பின்னாலிருக்கும் உழைப்பு எளிதானதன்று. ஒரு நொடிக்கு இருபத்துநான்கு சட்டகங்கள்; மூன்று மணி நேரப் படமென்றால் 2,59,200 சட்டகங்கள். ஒவ்வொன்றையும் வருடி எடுத்து, கீறலையும் கறையையும் நடுக்கத்தையும் நீக்க வேண்டும். பழைய வண்ணப் படச்சுருள்களில் சாயங்கள் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. நீலமும் பச்சையும் வெளிறிப்போய், படம் முழுக்கச் செம்மை பூசியதுபோல் ஆகிவிடும். சுருளின் அடித்தளமாகிய அசிட்டேட், வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து புளிக்காடி நாற்றம் வீசத் தொடங்கும், சுருங்கும், முறுக்கிக்கொள்ளும். சென்னையின் கடற்காற்றுக்கு இதைவிட உகந்த இரை வேறில்லை. தமிழின் முதல் பேசும்படமெனப்படும் ‘காளிதாஸ்’ (1931) இன்று ஒரு படியும் இல்லாமல் மறைந்துவிட்டது. அந்த வரிசையில் இன்னொரு பெயர் சேராமல் காப்பாற்றுகிறவர் யாராயினும், இலாபத்துக்காகச் செய்தாராயினும், அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

நிற்க. நன்றி சொன்ன பிறகும் கேள்வி அப்படியே இருக்கிறது.

‘கர்ணனு’க்குச் சில காலம் கழித்து, மறுவெளியீடு கண்ட இன்னொரு பழைய புராணப் படத்துக்கும் தந்தையாரோடு போனோம். விளம்பரத்தில் டிஜிட்டல், சினிமாஸ்கோப், டி.டி.எஸ். என மும்மூர்த்திகளும் எழுந்தருளியிருந்தார்கள். படம் தொடங்கிக் கால் மணி நேரம் இருக்கும். “ஏம்பா, கிரீடத்த எங்க வெட்டிட்டாங்க?” என்று தந்தையார் காதருகே கேட்டார். அதுவரை நாம் கவனிக்கவில்லை. பார்த்தால், அரியணையில் அமர்ந்த அரசனின் நெற்றிக்குமேல் ஒன்றுமில்லை. ஆடுகிற பெண்ணின் பாதங்கள் திரைக்குக் கீழே போய்விட்டன. சலங்கை ஒலி மட்டும் நாற்புறமிருந்தும் துல்லியமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

இதற்கான கணக்கு எளிது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. அதற்கு முற்பட்ட தமிழ்ப் படம் எதுவும் அந்த அகலத்திரைக்காக எடுக்கப்பட்டதன்று. பழைய சட்டகத்தின் உயரம் ஒன்று என்றால் அகலம் 1.37, சினிமாஸ்கோப்பில் அகலம் 2.35. பழையதைப் புதியதில் அடைக்க இரண்டே வழி. பக்கவாட்டில் இழுத்தால் முகங்கள் பூசணியாகும். மேலும் கீழும் வெட்டினால் ஒளிப்பதிவாளர் நமக்குக் காட்ட நினைத்ததில் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பத்திரண்டு பங்கு குப்பைக்குப் போகும். பழைய சட்டகத்தை உள்ளபடியே நடுவில் வைத்து இரு பக்கமும் கறுப்பாக விட்டுவிடும் மூன்றாம் வழியும் உண்டு. ஆனால் ‘திரை முழுக்கப் படம் இல்லையே’ என்று காசு கொடுத்தவர் முணுமுணுப்பார் என்ற அச்சத்தில் அதைச் செய்யத் துணிபவர் குறைவு.

வண்ணத்தின் கதையும் இதுதான். 1957இல் கறுப்பு வெள்ளையில் வந்த ‘மாயாபஜார்’ படத்தின் தெலுங்கு வடிவத்துக்கு 2010இல் வண்ணம் ஏற்றினார்கள். அதற்கு முன்பே, 2004இல், இந்தியின் ‘முகலே ஆசம்’ முழு வண்ணமாகிவிட்டது. வண்ண மாயாபஜாரைப் பார்த்துக் குழந்தைகள் மகிழ்ந்தார்கள். அதில் குறை காண நாம் யார்? ஆயினும், ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி அந்தப் படகுப் பாட்டில் வார்த்த நிலவொளி, கறுப்புக்கும் வெளுப்புக்கும் இடைப்பட்ட நூறு சாம்பல் நிறங்களால் ஆனது. அவருக்கு வண்ணம் கிடைக்காததால் அந்த நிலா அப்படி ஆகவில்லை. கையிலிருந்த இரண்டே நிறங்களால் குளிர்ச்சியைச் சொல்லிவிட முடியும் என்று கண்டுகொண்டதால் அப்படி ஆயிற்று. அதன்மேல் நீலம் பூசுவது, வெண்பாவுக்குத் தளை குறைவு என்று நாலு சீர் சேர்த்துக் கொடுப்பதைப் போன்றது.

இங்கே ஒரு மறுப்பு எழும். ‘மயிலையில் இருந்துகொண்டு மெருகேற்றலைக் குறை சொல்கிறீரே, கபாலீசுவரர் கோபுரத்தைப் பாரும்’ என்பார்கள். நியாயமான கேள்வி. அந்த நூற்றிருபது அடி இராசகோபுரம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்ற மரபையொட்டிச் சாரம் கட்டிச் சுதைகளைச் செப்பனிட்டு வண்ணம் தீட்டிக் குடமுழுக்குச் செய்கிறார்கள். 2016 ஏப்ரலிலும் செய்தார்கள். பழைய வண்ணம்தான் மூலம் என்று யாரும் வழக்காடுவதில்லை. சுதை என்பது புதுப்பிக்கப்படுவதற்கென்றே அமைந்த ஊடகம். அதன் மரபுக்குள்ளேயே மெருகு அடங்கியிருக்கிறது. ஆனால் அதே திருப்பணியில் மணலை வீசிக் கற்சுவரைத் துலக்கும் முறை தமிழகக் கோயில்கள் பலவற்றில் புகுந்தபோது என்ன நேர்ந்தது? சுவர் பளிச்சென்று ஆயிற்று. கல்வெட்டின் எழுத்துகள் மழுங்கின. தொல்லியல் அறிஞர்கள் பதறினார்கள். அழுக்கைத் துடைத்த கை, அழுக்கோடு எழுத்தையும் துடைத்துவிட்டது.

படத்திலும் ஒலியிலும் நேர்வது இதே மணல்வீச்சுதான். படச்சுருளின் இயல்பான பொடிமணித் தன்மையை ‘இரைச்சல்’ என்று கணினி கண்டு முழுக்க நீக்கினால், நடிகரின் தோலில் இருந்த துளைகளும் வியர்வையும் சேர்ந்து போய், முகம் மெழுகுப் பொம்மையாகிவிடும். பழைய இசைத்தட்டின் கரகரப்பை மிச்சமின்றித் துடைத்தால், பாடகரின் மூச்சும் கார்வையின் நுனியும் கூடவே துடைபடும். ஒலித்தடம் பழுதான இடங்களில் பின்னணி இசையை இன்றைய கலைஞர்களைக் கொண்டு வாசித்துச் சேர்ப்பதும் உண்டு. சேர்க்கட்டும். எங்கே சேர்த்தார்கள் என்று சொல்ல வேண்டாமா?

இந்த ‘சொல்ல வேண்டாமா’ என்ற இடத்தில்தான் நம் தொழில் நினைவுக்கு வந்தது. ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த நம் பழைய இலக்கியங்கள் அனைத்துமே மெருகேறிய பதிப்புகள்தாம். ஏட்டில் புள்ளி இல்லை, குறில் நெடில் வேறுபாடு ஊகத்துக்குரியது, சீர் பிரித்திராது, செல்லரித்த இடங்கள் வேறு. உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இலும் புறநானூற்றை 1894இலும் பதிப்பித்தபோது செய்தது தூசி தட்டலும் கறை நீக்கலும் சட்டகம் சட்டகமாய்ச் செப்பனிடலும்தான். ஆனால் அவர் ஒரு காரியம் செய்தார். தாம் கொண்ட பாடம் இது, பிற ஏடுகளில் கண்ட பாடம் அது என்று அடிக்குறிப்பில் வைத்தார். ஏடுகளைத் தூக்கியும் எறியவில்லை. பெசன்ட் நகரில் அவர் பெயரால் விளங்கும் நூல்நிலையத்தில் இன்றைக்கும் அச்சுவடிகள் காக்கப்படுகின்றன. ‘ஐயர் இங்கே கொண்ட பாடம் பொருந்தவில்லை’ என்று சொல்ல ஒரு முதுகலை மாணவனுக்கும் உரிமை இருக்கிறதென்றால், அந்த உரிமையை அவனுக்குக் கொடுத்தவர் ஐயரேதான்.

1950களில் மர்ரே எஸ்.ராஜம் இன்னும் ஒரு படி மேலே போனார். சங்க நூல்களையும் கம்பனையும் சந்தி பிரித்து, எளியவரும் வாங்கும் விலையில் அச்சிட்டார். யாப்பு கெட்டுவிட்டதே என்று முகம் சுளித்த புலவர்கள் உண்டு. அவர்கள் சொன்னதும் பிழையன்று. சந்தி பிரித்தால் ஓசை உடையத்தான் செய்யும். ஆனால் அந்தப் பிரிப்பின் வழியாகத்தான் நம் தலைமுறையில் பலர் உள்ளே நுழைந்தோம். நுழைந்தபின் பிரிக்காத பதிப்பையும் தேடிப் போனோம். தமக்கை மகன் சொன்ன விசை இதுதானே! பதிப்பாசிரியர்கள் நூறாண்டுக்கு முன்பே அடிக்குறிப்பில் வைத்துவிட்டுப்போன விசை.

ஒன்றைப் பிரித்துக்கொள்வது நல்லது. சிதைந்ததை முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவருவது மீட்பு. முன்பு இல்லாத பளபளப்பைச் சேர்ப்பது மெருகு. அதே கதையை வேறொருவர் தம் போக்கில் புதிதாகச் செய்வது மறுஆக்கம். மூன்றாவதில் நமக்கு மனத்தாங்கலே கிடையாது. கம்பன் செய்தது மறுஆக்கம். வான்மீகியின் நூலைத் திருத்தி வான்மீகியின் பெயரிலேயே அவன் வெளியிடவில்லை. தன் நூலாகச் செய்தான். இரண்டும் இருக்கின்றன, ஒப்பிட்டு ஆயிரம் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறோம். படைத்தவர்களே தம் படைப்பை வெட்டித் திருத்துவதும் வேறு. 2002இல் வந்த ‘பாபா’ 2022 டிசம்பரில் புதிய படத்தொகுப்போடு வந்தது. புதிய வடிவம் என்று சொல்லியே வந்தது. பிடித்தவர் பார்த்தார், பிடிக்காதவர் விட்டார். சிக்கல், ஒன்று இன்னொன்றின் பெயரைச் சூடிக்கொண்டு வரும்போதுதான்.

அந்தச் சிக்கல் நம் வகுப்பறைக்குள்ளேயே ஒருநாள் வந்தது. ஆனந்த் எல்.ராய் இயக்கி, தனுஷ் நடித்து 2013இல் வெளிவந்த இந்திப் படம் ‘ராஞ்சனா’. தமிழில் ‘அம்பிகாபதி’. 2025 ஆகஸ்டு 1ஆம் நாள் அதன் தமிழ் வடிவத்தை மறுவெளியீடு செய்தபோது, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு முடிவையே மாற்றிவிட்டார்கள். மூலத்தில் மடிந்துபோகும் நாயகன், புதியதில் கண் விழித்து எழுகிறான். இயக்குநர் எதிர்த்தார். படத்தின் ஆன்மாவையே பறித்துவிட்டார்கள் என்னும் பொருள்படத் தனுஷும் அறிக்கை விட்டார். உரிமை வைத்திருந்த நிறுவனம் தன் உரிமையைச் சொன்னது.

சில வாரங்கள் கழித்து வகுப்பில் தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாடுகளை நடத்திக்கொண்டிருந்தோம். அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு எடுத்துக்காட்டாக, மாணவர்கள் அறிந்த படமாகட்டுமே என்று ‘அம்பிகாபதி’யின் முடிவைச் சொன்னோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். நன்றாகப் படிக்கிற பையன். “ஐயா, அதுல அவன் பொழச்சுக்கிறான் ஐயா. நான் தியேட்டர்ல பார்த்தேன்” என்றான், மிகுந்த பணிவோடு. வகுப்பில் பாதிப் பேர் அவன் சொன்னதை ஆமோதித்தார்கள். பாதிப் பேர் மறுத்தார்கள். இரு சாராரும் உண்மையைத்தான் சொன்னார்கள்.

அந்தக் கணத்தில் நமக்கு நேர்ந்தது சினம் அன்று, ஒருவகை அச்சம். அம்பிகாபதி என்ற பெயரையே எண்ணிப் பாருங்கள். கம்பன் மகன், காதலுக்காகத் தலை கொடுத்தவன் என்று வழிவழியாகச் சொல்லப்படுபவன். 1937இல் எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கத்தில் எம்.கே.தியாகராஜ பாகவதர் நடித்தபோதும், 1957இல் சிவாஜி நடித்தபோதும் அந்தப் பெயரோடு சாவும் சேர்ந்தே வந்தது. தோற்ற காதலைச் சொல்லத் தமிழன் வைத்திருக்கும் பெயர் அது. அந்தப் பெயர் தாங்கிய படத்தில் அவன் பிழைத்துக்கொள்கிறான் என்றால், பாடலில் ஓரெழுத்து மாறியது போலன்று. பாடலின் திணையே மாறிவிட்டது. அதைச் சொல்ல அடிக்குறிப்பு எதுவும் திரையில் இல்லாமற்போனால், இன்னும் இருபது ஆண்டில் எந்தப் பாடம் மூலபாடம் என்று யார் சொல்வார்?

நம் தந்தையார் இப்போது இல்லை. கிரீடம் வெட்டப்பட்டதைக் கண்டுபிடிக்க அவருக்கு எந்த ஆய்வுக் கருவியும் தேவைப்படவில்லை. முழுக் கிரீடத்தைப் பார்த்த கண் அவரிடம் இருந்தது. அத்தகைய கண்கள் இந்த ஊரில் ஆண்டுதோறும் குறைந்துகொண்டு வருகின்றன. அவை எல்லாம் மூடிய பிறகு, இருக்கிற பதிப்புதான் சாட்சி. பதிப்பு பொய் சொன்னால் மறுத்துப் பேச ஆளில்லை.

எனவே, மெருகேறிய பதிப்பு மூலத்தை மேம்படுத்துகிறதா என்ற கேள்விக்கு நம் விடை இதுதான். மூலத்தை அது மேம்படுத்துவதில்லை. மூலம் அன்றே முடிந்துபோன ஒன்று, அதன் குறைகளும் அதனுடையவை. மூலத்துக்கும் நமக்கும் இடையிலிருக்கும் பாதையை அது மேம்படுத்தலாம். மந்தமான காதுக்கு வசனத்தைக் கொண்டுவந்து சேர்க்கலாம், மூன்று கல்லூரிப் பெண்களைக் கர்ணனுக்காக அழவைக்கலாம். அது சிறிய காரியமன்று. ஆனால் பாதை போடுகிறேன் என்று சொல்லி ஊரையே இடம் மாற்றிவிடக் கூடாது. பழையது எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். மாற்றியது இன்னதென்று சொல்லப்பட வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் துலக்கட்டும்.

படம் தொடங்கும் முன் புகை, மது பற்றிய எச்சரிக்கை வருகிறது. அதனோடு இன்னும் நான்கு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? எந்தப் படியிலிருந்து எடுத்தது, சட்டகம் மாற்றப்பட்டதா, எந்த இசை புதிதாகச் சேர்ந்தது, எந்தக் காட்சி நீக்கப்பட்டது. ஓலைச்சுவடிக்கு நம் முன்னோர் காட்டிய நாணயத்தைத்தான் படச்சுருளுக்கும் கேட்கிறோம்.

நம்மளவில் ஒரு சிறு மாற்றம் செய்திருக்கிறோம். மாணவர்கள் கட்டுரையில் ஒரு நூலைக் குறிப்பிட்டால் பதிப்பாண்டு கேட்பது வழக்கம். இப்போது படத்தைக் குறிப்பிட்டாலும் கேட்கிறோம். சென்ற பருவத்தில் ஒரு மாணவி தன் கட்டுரையில் ‘அம்பிகாபதி’ என்று எழுதி, பக்கத்தில் ‘2013 பாடம்’ என்று குறித்திருந்தாள். முழு மதிப்பெண் கொடுத்தோம்.